உப்புப் பாத்தியில் எள்

செவ்வாய், காலை ஐந்தரை.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வாசலுக்கு டாக்ஸி வந்தது. கட்விக் விமான நிலையத்துக்கு நாற்பத்தெட்டுப் பவுண். நானும் மனைவி கமலாவும். ஒரு பெட்டி, ஒரு தோள்பை. மத்தியதரைக் கடலில் மோல்டாவுக்குப் பக்கத்தில் கோசோ என்றொரு சின்னத் தீவு. அங்கே ஆறு நாள். எங்கள் கலியாணத்தின் முப்பதாம் வருடத்துக்கு மகள் புக் பண்ணித் தந்த பயணம்.

நான் சட்டன் பக்கம் வீதி கூட்டுகிறவன். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. லீவு எடுத்தால் ஊருக்குப் போவேன், இல்லாவிட்டால் வீட்டில் நிற்பேன். கடல் பார்க்கவென்று போனது இதுதான் முதல் தடவை.

முந்தின நாள் பின்னேரம் பெட்டி பூட்டும்போது மகள் எட்டிப் பார்த்தாள். துவாய்களுக்கு நடுவில் எள்ளு, தர்ப்பை, கற்பூரம், பச்சையரிசி மா.

"அப்பா, ஹொலிடேக்குப் போறீங்களா, திவசத்துக்குப் போறீங்களா?"

"வியாழக்கிழமை ஆடி அமாவாசை" என்றேன்.

"எயார்போர்ட்டில இதென்ன எண்டு கேட்டா?"

"சாப்பாடு எண்டு சொல்லுவம்" என்றாள் கமலா.

"ஆருக்குச் சாப்பாடு?"

"உன்ர அப்பப்பாவுக்கு."

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

என் அப்பா செத்தபோது நான் லண்டனில் விசா இல்லாமல் இருந்தேன். போக முடியவில்லை. கொள்ளி வைத்தது பெரியப்பாவின் மகன். அதற்குப் பிறகு ஓர் ஆடி அமாவாசையும் நான் விட்டதில்லை. விரதம் இருந்து கோயிலில் எள்ளும் தண்ணீரும் இறைப்பேன். இந்த முறை ஐயரைப் போனில் கேட்டேன். "கடல் இருக்கெல்லோ? பேந்தென்ன, கடல் காணும். மந்திரத்தை நான் போனிலை பேசி அனுப்பிவிடுறன். பிண்டத்தைக் கடலிலை கரைச்சுவிடுங்கோ" என்றார்.

கடலில் என்றுதான் சொன்னார். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

செவ்வாய், பகல் இரண்டு மணி.

விமானத்தில் மூன்றே கால் மணித்தியாலம். மோல்டாவில் இறங்கினால் வெயில் முகத்தில் அறைகிறது. வீடு, மதில், கோயில், வீதி எல்லாம் ஒரே நிறம், தேன் நிறம். எல்லாம் ஒரே கல்லில் கட்டியவை. விமான நிலைய வாசலில் எக்ஸ் ஒன்று பஸ். ஆளுக்கு இரண்டரை யூரோ. தீவின் மறு முனையான சிர்க்கேவா துறைக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அங்கே கப்பல். போகும்போது காசு கேட்கமாட்டார்கள். திரும்பும்போதுதான் நான்கு யூரோ அறுபத்தைந்து சதம்.

கடலில் இருபத்தைந்து நிமிடம். நடுவில் கொமினோ என்ற சின்னத் தீவு, வெறும் கல். அதைத் தாண்டியதும் கோசோ தெரிகிறது. குன்றுகளுக்கு உச்சி இல்லை. யாரோ கத்தியால் சீவிவிட்ட மாதிரித் தட்டை. ஒவ்வொரு குன்றின் மேலும் ஓர் ஊர், ஊருக்கு ஒரு கோயில் குவிமாடம்.

துறையிலிருந்து ஒரு பஸ்ஸில் விக்டோரியா. அதுதான் தீவின் ஒரே பட்டணம். அங்கிருந்து 310ஆம் பஸ்ஸில் மார்சல்ஃபோர்ன் என்ற கடற்கரை ஊர், நான்கு கிலோமீற்றர். அங்கேதான் எங்கள் விடுதி. பஸ்ஸில் கமலா என்னை ஏசிக்கொண்டு வந்தாள். தண்ணீர்ப் போத்தலைக் கப்பலில் விட்டுவிட்டேன்.

"தலையைக் கழட்டி வைக்கேலுமெண்டா அதையும் விட்டிட்டு வந்திருப்பியள்."

ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தார். கறுத்த, மெலிந்த ஆள். நாற்பது வயது மதிக்கலாம்.

"அக்கா, அண்ணாச்சியக் கொஞ்சம் விடுங்க. வெயிலு அப்படி" என்றார் தமிழில்.

கமலா வாயைப் பொத்தினாள்.

அவர் பெயர் முருகேசன். தூத்துக்குடி. கோசோவில் பஸ் ஓட்டி மூன்று வருடம். அவரும் வேறு இரண்டு ஓட்டுநர்களும் ஓர் அறையில் இருக்கிறார்கள். மார்சல்ஃபோர்னுக்கு மேற்கே ஷ்வேனி என்ற இடத்தில், உப்பு விளைவிக்கும் ஒரு கிழவரின் வீட்டு மேல்மாடி.

"இங்க ரூம் கெடைக்குறது குதிரைக்கொம்பு அண்ணாச்சி. எங்க மூஞ்சியப் பாத்தாலே ரூம் போயிருச்சுங்கான். இந்தக் கெழவருதான் குடுத்தாரு. எங்கம்மா உப்பளத்துல வேலை பாத்தவ. அதச் சொன்னேன். உடனே சாவியக் குடுத்துட்டாரு."

இறங்கும்போது சொன்னார். "உப்புப் பாத்தியப் பாக்காமப் போயிராதீய. நல்லாருக்கும். ஆனா ரோட்டுல நின்னு பாருங்க. உள்ள காலு மட்டும் வச்சிராதீய. பெரியவருக்குக் கோவம் வரும்."

"ஓம் தம்பி" என்றேன்.

புதன்.

காலை ஒன்பது மணிக்கு விக்டோரியா. நடுவில் மேட்டில் பழைய கோட்டை. மதில் மேல் ஏறி நடக்கக் காசில்லை. அங்கே நின்றால் முழுத் தீவும் தெரியும். நீளம் பதினான்கு கிலோமீற்றர், அகலம் ஏழு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் கடல்.

மதிலில் படம் போட்டு ஒரு பலகை. அதைக் கமலா வாசித்துச் சொன்னாள். குன்றின் மேலே கடும் கல். அதற்குக் கீழே நீலக் களிமண். அதற்கும் கீழே அந்தத் தேன் நிறக் கல், அரிவாளால் வெட்டலாம் போல மெது. மழைத் தண்ணீர் மேல் கல்லால் இறங்கிக் களிமண்ணில் தட்டி நிற்கும். அங்கே ஊற்று. ஊற்றுக்குக் கீழே படிப்படியாகத் தோட்டம். தீவில் ஆறு கிடையாது. கோடையில் எல்லாம் காய்ந்து மண் நிறம். தோட்டங்களைச் சுற்றிச் சாந்து பூசாத கல்மதில். மதிலோரம் ஆள் உயரத்தில் நாகதாளிக் கள்ளி.

சுண்ணாம்புக்கல், ஆறு இல்லை, கிணற்றுத் தண்ணீர். "உதெங்கட இடம்தானே" என்றேன் கமலாவிடம்.

"எங்கட இடத்தில இவ்வளவு மேடு எங்க கிடக்கு?" என்றாள்.

மத்தியானம் 311இல் ஏறித் தீவின் மேற்கு முனைக்குப் போனோம். டுவேய்ரா. கடலில் ஒரு பெரிய கல் வளைவு நின்றதாம். சில வருடத்துக்கு முன் ஒரு புயலில் விழுந்துவிட்டது. இப்போது வெறும் கடல். இல்லாத ஒன்றைப் பார்க்கப் பஸ் பஸ்ஸாகச் சனம் வருகிறது. பக்கத்தில் மலைக்கு உள்ளே ஒரு குளம். உண்மையில் அதுவும் கடல்தான். மலையைக் குடைந்த ஒரு பொந்து வழியாகத் தண்ணீர் வந்து போகிறது. சின்ன வள்ளத்தில் அந்தப் பொந்தால் வெளிக்கடலுக்குப் போய் வர ஆளுக்கு ஐந்து யூரோ. உள்ளே இருட்டு, குளிர். வெளியே வந்ததும் நீலம் கண்ணைக் குத்துகிறது.

திரும்பி வரும் வழியில் கமலா ஒரு மதிலடியில் நின்றுவிட்டாள்.

"இஞ்ச பாருங்கோ. காத்தோட்டி."

மதில் கல்லின் இடுக்கிலிருந்து ஒரு செடி தொங்கிற்று. வட்ட இலை, முள், பச்சைக் காய். ஆடி அமாவாசைக்கு எங்கள் வீடுகளில் காத்தோட்டிக்காய் சமைக்காமல் விடுவதில்லை. லண்டனில் அந்த ஒரு கிழமை டூட்டிங் கடைகளில் அதற்கு அடிபடுவோம். இது அதே செடி இல்லை. அதன் சாதி. இந்த ஊரில் மொட்டை உப்பில் ஊறப்போட்டுத் தின்பார்களாம். கமலா காயில் ஒரு கை பிடுங்கிக் கைப்பையில் போட்டாள். யாருடைய மதில் என்று நாங்கள் கேட்கவில்லை.

என் புத்தி அங்கேதான் பிழை விடத் தொடங்கியது. கல்லும் எங்களுடையது, காயும் எங்களுடையது என்று நினைத்தேன்.

வியாழன், காலை ஆறு மணி.

விடுதியிலிருந்து மேற்கே கடலோர வீதியால் ஒரு கிலோமீற்றருக்குச் சற்று மேல் நடந்தோம். நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வடமேற்குக் காற்று பிடித்திருந்தது. கடல் பாறையில் ஏறி அடித்தது.

ஷ்வேனியில் கரை முழுவதும் அந்த மெதுக் கல். அதில் சதுரம் சதுரமாகப் பாத்தி வெட்டியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கில். மேல் வரிசையில் பெரிய தொட்டிகள். கடல் தண்ணீர் முதலில் அதில் நின்று காயும். பிறகு கீழே உள்ள சின்னப் பாத்திகளுக்கு விடுவார்கள். அதில்தான் உப்பு விளையும். எல்லாவற்றிலும் வானம் தெரிந்தது. கமலா நின்று பார்த்தாள்.

கயிறு கட்டி ஒரு பலகை. 'பிரைவேட்'. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், ஆனால் அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். நான் கூட்டும் வீதிகளில் பாதிக் கேற்றில் அது இருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கேற்றுக்குள்ளும் கால் வைத்ததில்லை.

கடலுக்கு இறங்கும் இடத்தில் பாசி. அலை இடுப்பளவு வந்தது. என் முழங்கால் சரியில்லை. மேல் வரிசையில் ஒரு தொட்டி. இருபதடி நீளம், படி வெட்டியிருந்தது. முழங்காலளவு தண்ணீர், ஆடாமல், தெளிவாக. பார்க்கக் கேணி மாதிரி.

"இதிலை செய்வம்" என்றேன்.

"அந்தத் தம்பி கால் வைக்காதையுங்கோ எண்டெல்லோ சொன்னவர்."

"அது ரூரிஸ்ட்டுக்கு."

"அப்ப நாங்கள் ஆர்?"

கயிற்றைத் தூக்கினேன். அவளும் குனிந்து வந்தாள்.

தண்ணீர் சூடாக இருந்தது. காலில் வழுவழுவென்று பிடித்தது. தர்ப்பையைப் போட்டேன். போனில் ஐயரின் குரல். காற்றில் பாதி கேட்கவில்லை. அப்பா பெயர், அவர் அப்பா பெயர், அவருக்கு அப்பா பெயர். எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். பச்சையரிசி மாவும் வாழைப்பழமும் எள்ளும் பிசைந்த பிண்டத்தைத் தண்ணீரில் விட்டேன். விடுதி வாசலில் பிடுங்கிய பூவைப் போட்டேன். கமலா கரையில் கற்பூரம் கொளுத்தினாள். அணைந்து அணைந்து போயிற்று.

எனக்கு அழுகை வந்தது. அது பொய்யில்லை.

பிண்டம் தொட்டியிலேயே நின்றது. ஐயர் கடலில் என்று சொன்னவர். தொட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன வாய்க்கால், வாயில் துணி சுற்றிய கட்டை. அதைப் பிடுங்கினால் தண்ணீர் கடலுக்கு ஓடும் என்று நினைத்தேன். பிடுங்கினேன்.

தண்ணீர் கீழ்ப் பாத்திக்கு ஓடியது. அதிலிருந்து அடுத்ததற்கு. அதிலிருந்து மற்றதற்கு. அந்தப் பாத்திகளில் தண்ணீர் வற்றி அடியில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பிடித்திருந்தது, கூட்டி அள்ளத் தயாராக. அதன் மேல் எள்ளும் மாவும் பூவும் பரவின. பார்த்துக்கொண்டிருக்க உப்பு கரைந்தது. நான் கட்டையைத் திரும்ப அடித்தேன். பொருந்தவில்லை. எள்ளைக் கையால் பொறுக்க இறங்கினேன். என் காலுக்குக் கீழே உப்பு நொறுங்கிற்று. பொறுக்கப் பொறுக்கக் கூடச் சிதறியது. பதினொரு பாத்தி. எண்ணினேன்.

"வாங்கோ. ஆரும் வரப்போகினம். கெதியா வாங்கோ" என்றாள் கமலா.

போனோம். கொஞ்ச தூரம் நடந்தோம், பிறகு ஓடினோம். அவளுடைய செருப்பு ஒன்று கழன்றது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மத்தியானம் விடுதியின் சின்ன அடுப்பில் அந்தக் காயைப் பொரித்தாள். சோறு, பருப்பு. காகத்துக்கு வைக்கக் காகம் இல்லை. பல்கனி விளிம்பில் வைத்தேன். சிட்டுக்குருவி தின்றது.

வியாழன், பின்னேரம் ஆறு மணி.

என்னால் விடுதியில் இருக்க முடியவில்லை. பார்க்கப் போனோம். கள்ளன் திரும்பிப் போய்ப் பார்க்கிற மாதிரித்தான்.

வீதியோரத்தில் ஒரு கிழவர். எழுபது தாண்டியவர். குட்டை, தடித்த கை. பெயர் சால்வு என்று பிறகு அறிந்தேன். அந்தப் பதினொரு பாத்தியையும் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். அடியில் கிடந்த உப்பையும் சேர்த்து அள்ளிக் கடலில் கொட்டினார். எங்களைக் கண்டு நிமிர்ந்தார். அவருடைய ஆங்கிலம் எனக்கு விளங்கக்கூடிய ஆங்கிலம். சொல் குறைவு.

"காலையில் இந்தப் பக்கம் வந்தீர்களா?"

"இல்லை" என்றேன்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஈரத்தில் ஒட்டிய எள்ளு.

"இது என்ன தெரியுமா?"

"தெரியாது. குருவி கொண்டுவந்து போட்டிருக்கும்."

குருவி என்று நான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

அவர் இல்லையென்று தலையாட்டினார். "குருவி கட்டையைப் பிடுங்காது. விடியற்காலையில் ஒரு கறுத்த ஆள் பாத்திக்குள் குனிந்து நின்றதை என் மனைவி ஜன்னலால் கண்டிருக்கிறாள். என் வீட்டில் மூன்று இந்தியர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒருவனைக் கூப்பிட்டு இதைக் காட்டினேன். பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. நீயா என்று கேட்டேன். அதற்கும் பேசவில்லை. அவனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று பேரும் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்."

அந்தக் கறுத்த ஆள் அவருக்கு முன்னால் நின்றான். ஆனால் நான் தொப்பி போட்டிருந்தேன். தோளில் மகளின் கமெரா. லண்டனிலிருந்து வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. விடுமுறையைக் கெடுத்ததற்கு மன்னிக்கவும் என்றுகூடச் சொன்னார்.

வெள்ளி, காலை பத்து மணி.

310இல் ஏறினோம். ஓட்டுவது முருகேசன். அட்டையை மெசினில் தட்டினேன். "உக்காருங்க அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். விக்டோரியாவில் மற்றச் சனம் இறங்கும்வரை நாங்கள் இருந்தோம். அவருக்குப் பத்து நிமிடம் ஓய்வு. இறங்கிப் பஸ் நிழலில் நின்று தேத்தண்ணீர் குடித்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"தம்பி..."

"எள்ளப் பாத்தா எனக்குத் தெரியாதா அண்ணாச்சி?" என்றார். "அதும் அமாவாசையும் அதுவுமா. அப்பாவுக்கா?"

"ஓம்."

"ம்."

"நீர் ஏன் அவரிட்ட சொல்லேல்லை?"

"என்னத்தச் சொல்ல? எங்க ஆளுக செஞ்சதுன்னு சொல்லவா? சொன்னா நாளைக்கு இந்தத் தீவுல எவன் எங்களுக்கு ரூம் குடுப்பான்? அந்தாளு எங்கம்மாவ நெனச்சுல்ல சாவி குடுத்தாரு." கோப்பையைக் கவிழ்த்து உதறினார். "நீங்க ரெண்டு நாள்ல பிளேன் ஏறிருவிய. நான் சொல்லி என்னாவப் போவுது?"

"ஞாயிற்றுக்கிழமைக்கு வேற இடம்?"

"பாத்துக்கிட்டிருக்கோம்."

கோபமாக ஒரு சொல் சொன்னாரில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று ரம்லா என்ற கடற்கரைக்குப் போகத் திட்டம். போனோம். தீவில் மணல் உள்ள பெரிய கரை அது ஒன்றுதான். மணல் சிவப்பு, செங்கல் அரைத்த மாதிரி. பின்னால் நாணல், மேலே படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். அழகான இடம். நான் மணலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கமலா கடலைப் பார்த்தபடி சொன்னாள். "உங்கட கொப்பருக்கு அது போய்ச் சேர்ந்திருக்குமெண்டு நினைக்கிறியளே?"

"விடு."

"விடேலாது. மூண்டு பேர் ரோட்டில நிக்கப் போகினம். பொய் சொன்னது நீங்கள். வாயை மூடிக்கொண்டு நிண்டது நான். நாளைக்கு நீங்கள் போய்ச் சொல்லாட்டி நான் போவன். என்ர இங்கிலிசு உங்கட இங்கிலிசை விடத் திறம்."

"நான் போறன்."

"எப்ப?"

"விடிய."

சனி, காலை ஆறு மணி.

தனியாகப் போனேன். தொப்பி போடவில்லை. சால்வு வந்திருந்தார். வீதிக்கு மறுபக்கம் பாறையைக் குடைந்து ஓர் அறை. அதற்குள் உப்பு மூட்டைகள். வாசலில் குந்தி விளக்குமாற்றுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

கயிற்றுக்கு வெளியே நின்று சொன்னேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த ஆங்கிலம்.

"அந்த ஆள் நான். வியாழக்கிழமை நான்தான். உங்கள் வீட்டுக்காரர்கள் இல்லை. நான் பொய் சொன்னேன்."

அவர் எழும்பவில்லை. கயிற்றை இறுக்கி முடிந்தார். பல்லால் நுனியைக் கடித்தார்.

"ஏன்?"

"செத்துப்போன அப்பாவுக்குச் செய்வது. எங்கள் வழக்கம். தண்ணீரில் செய்ய வேண்டும்."

"கடல் அங்கே இருக்கிறதே."

"அலை. எனக்குப் பயமாக இருந்தது."

"பலகை வாசித்தாயா?"

"வாசித்தேன்."

வாசிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார். அந்த ஒரு பொய்யையாவது சொல்லாமல் விட்டேன்.

அவர் பாத்திகளைப் பார்த்தபடி இருந்தார். பிறகு சொன்னார்: "இதை வெட்டினது என் அப்பாவின் தாத்தா. என் அப்பாவும் செத்துவிட்டார். அவருக்காக நான் இங்கே ஒன்றும் போடுவதில்லை. கூட்டுகிறேன்."

பையிலிருந்து காசு எடுக்கப் போனேன். "கையை உள்ளே வை" என்றார்.

"எனக்கு வேலை கூட்டுவதுதான்" என்றேன். "லண்டனில் வீதி கூட்டுகிறவன். விளக்குமாற்றைத் தாருங்கள். இன்றைக்கு முழுக்க நிற்கிறேன்."

முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"திரும்பவும் உள்ளே வரப் போகிறாயா? வேண்டாம். அங்கேயே நில்."

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். காலில் தடித்த காலுறை மட்டும். பாத்திகளுக்கு நடுவிலிருந்த விளிம்பில், நான்கு விரல் அகலம், அதில் அடி வைத்துப் போனார். ஒரு பாத்தியிலும் கால் படவில்லை. கெடாத பக்கத்துப் பாத்தியில் தொடங்கினார். ஓரத்திலிருந்து நடுவுக்கு. உப்பு ஈரமாகச் சரசரவென்று குவிந்தது. அந்தக் கையை நான் அறிவேன். இடுப்பு வளையாமல் தோளால் மட்டும் தள்ளுகிற கை. நாள் முழுக்கக் கூட்டுகிறவனுக்குத்தான் அது வரும்.

நான் கயிற்றுக்கு வெளியே நின்றேன். இருபத்திரண்டு வருடத்தில் இன்னொருவர் கூட்டக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது அன்றுதான். பதினொரு பாத்தி வெறுமையாகக் கிடந்தது. கல்லின் ஓட்டையில் இன்னும் இரண்டு மூன்று எள்ளு.

எட்டு மணிக்கு வெயில் ஏறியது. அவர் நிமிர்ந்து, "அவனிடம் நான் சொல்கிறேன். நீ போ" என்றார்.

ஞாயிறு.

கடைசி நாள். காலை எட்டரைக்குப் பெட்டியோடு 310. முருகேசன்தான். கமலா முன் இருக்கையில் இருந்தாள்.

"தம்பி, வீட்டுக்காரர் சொன்னவரே?" என்று அவள்தான் கேட்டாள்.

"சொன்னாருக்கா. நேத்து ராத்திரி மேல ஏறி வந்தாரு. அந்த முட்டிவலியோட. மன்னிச்சுக்கன்னாரு. இருங்க, போவேண்டாம்னாரு."

"அப்ப நல்லம்."

"மத்த ரெண்டு பேரும் இருக்காங்க. நான் போறேன். விக்டோரியாவுல ஒரு வீட்டுல கட்டில் ஒண்ணு காலியா இருக்காம். ஆறு பேரோட ஒருத்தன்."

"ஏன்? அவர்தான் இருக்கச் சொல்லிட்டாரெல்லோ?"

வளைவு வந்தது. திருப்பி முடித்துவிட்டுச் சொன்னார். "மூணு வருசமா அவர் கூட உப்பு கூட்டிருக்கேன்க்கா, லீவு நாளெல்லாம். எங்கம்மாவப் பத்திப் பேசிக்கிட்டே கூட்டுவோம். அந்தப் பாத்திக்குள்ள நான் காலு வப்பேன்னு நெனச்சாரு பாருங்க. இனிமே அந்தப் படில ஏறயில அதான் ஞாபகம் வரும்."

கமலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணாடியால் வெளியே பார்த்தேன். கல்மதில், நாகதாளி, காய்ந்த தோட்டம். விக்டோரியாவில் இறங்கும்போது அவர் எழும்பி எங்கள் பெட்டியைத் தூக்கி இறக்கித் தந்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

"நல்லபடியாப் போய்ச் சேருங்க அண்ணாச்சி" என்றார்.

தலையாட்டினேன்.

கப்பலில் நான்கு யூரோ அறுபத்தைந்து சதம். தட்டைக் குன்றுகள் சின்னதாகிக்கொண்டு போயின. உப்புப் பாத்திகள் இருக்கும் வடக்குக் கரை கப்பலிலிருந்து தெரியாது.

கோலியர்ஸ் வுட்.

திங்கள் காலை ஆறு மணிக்குச் சட்டனில் வேலை. லண்டனில் மழை. தீவில் மழையே இல்லை, இங்கே இலை நனைந்து தாரோடு ஒட்டிக் கிடக்கிறது. 'பிரைவேட்' கேற்றுகளுக்கு வெளியே எப்போதும்போல் கூட்டினேன். அந்தப் பலகைகளுக்குப் பின்னால் இருப்பவர்களை நான் பணக்காரர் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அதற்குள் யாருடைய வேலை கிடக்கிறது என்று யோசித்ததில்லை.

கோயிலில் ஐயர் கேட்டார். "எப்பிடி, கடலிலை நல்லாச் செய்தனீங்களோ?"

"ஓம் ஐயா" என்றேன். அங்கேயும் ஓம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோசோவுக்குப் போகிறவர்களுக்கு: மே மாதம் போங்கள், வெயில் குறைவு. பஸ் இரண்டரை யூரோ, கப்பல் நான்கு அறுபத்தைந்து. கோட்டை மதில், டுவேய்ரா, ரம்லா மூன்றையும் பாருங்கள். ஷ்வேனி உப்புப் பாத்திகளைக் கட்டாயம் பாருங்கள், ரோட்டில் நின்று. வீதியோரத்தில் ஒரு கிழவர் சின்னப் பையில் உப்பு விற்பார். வாங்குங்கள். நான் வாங்கவில்லை. கேட்க முகமில்லை.

310இல் தூத்துக்குடித் தமிழ் பேசும் ஓட்டுநர் வந்தால் வணக்கம் சொல்லுங்கள். சந்தோசப்படுவார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டாம். என்னைத் தெரியும் என்றும் சொல்ல வேண்டாம்.